8 பிட் கன்சோல் விளையாட்டுகளில் என் முதல் பத்து: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எந்தக் கன்சோலுக்கான பட்டியல்?

நின்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் 14,800 யென் விலையில் விற்பனைக்குக் கொண்டுவந்த ஃபேமிலி கம்ப்யூட்டர், சுருக்கமாக ஃபாமிகாம், என்ற 8 பிட் கருவிக்காக வெளிவந்த விளையாட்டுகளை மட்டுமே இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். அதே கருவிதான் 1985 முதல் அமெரிக்காவில் நின்டெண்டோ என்டர்டெயின்மென்ட் சிஸ்டம் என்ற பெயரில் சாம்பல்நிறப் பெட்டியில் விற்கப்பட்டது. தமிழ்நாட்டில் அதன் அசலைக் கண்ணால் கண்டவர்கள் மிகக் குறைவு. ஆனால் 1990களில் சென்னை ரிச்சி தெருவிலும் பர்மா பஜாரிலும் வாங்கி வந்து, டயனோரா டிவியிலோ சாலிடேர் டிவியிலோ சேனலைத் திருகித் திருகிப் படம் வரவழைத்து, ‘டிவி கேம்’ என்று நாம் விளையாடியவை பெரும்பாலும் ஃபாமிகாமின் நகல்களே. கருவியின் பெயர் புதிதாகத் தோன்றும் வாசகருக்கும் அதன் விளையாட்டுகள் பழகியவையாகவே இருக்கும். செகாவின் 16 பிட் கருவியும், பிளேஸ்டேஷனும், அவற்றுக்குப் பின் வந்தவையும் இந்தப் பட்டியலின் எல்லைக்கு வெளியே நிற்கின்றன.

அந்தப் பத்து எவை?

முதலிடத்தில் பேட்டில் சிட்டி, இரண்டாவதாக சூப்பர் மரியோ பிரதர்ஸ் 3, மூன்றாவதாக முதல் சூப்பர் மரியோ பிரதர்ஸ், அதன்பின் கான்ட்ரா, டெட்ரிஸ், மெகா மேன் 2, பாம்பர்மேன், பலூன் ஃபைட், ரோடு ஃபைட்டர், கடைசியாக அட்வென்சர் ஐலண்ட். முதல் ஐந்து இடங்களுக்கு நான் வாதாடத் தயார். ஏழுக்குக் கீழே உள்ளவை அன்றைய மனநிலையைப் பொறுத்து ஒன்றையொன்று முந்தக்கூடியவை.

எந்த அளவுகோலில் வரிசைப்படுத்தினீர்கள்?

ஒரே ஒரு கேள்விதான் அளவுகோல்: தோற்றபோது, தோல்விக்குக் காரணம் நான்தான் என்று அந்த விளையாட்டு என்னை ஒப்புக்கொள்ள வைத்ததா? ஒப்புக்கொள்ள வைத்திருந்தால் விரல் தானாகவே ஸ்டார்ட் பொத்தானுக்குப் போகும். இல்லையென்றால் ஜாய்ஸ்டிக்கைத் தரையில் வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவோம். படத்தின் அழகு, இசை, கதை, எத்தனை கோடிப் பிரதிகள் விற்றன என்பவையெல்லாம் இந்தக் கேள்விக்குப் பின்னால்தான் வரும்.

நினைவை நம்பி யாரையும் வரிசையில் நிறுத்தவில்லை. ஒவ்வொன்றையும் இப்போது மீண்டும் ஒரு வாரம் விளையாடினேன். பழைய கருவியைப் போலவே கணினியில் இயங்கும் நிரலான எமுலேட்டரில், நடுவில் நிலையைச் சேமித்துக்கொண்டு அங்கிருந்தே தொடரும் வசதி உண்டு; அதைத் தொடவில்லை. பள்ளி நோட்டு ஒன்றில் ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு கோடு போட்டு, அது ‘நான்’ என்ற பத்தியில் சேர வேண்டியதா, ‘அது’ என்ற பத்தியில் சேர வேண்டியதா என்று குறித்தேன். பேட்டில் சிட்டிக்கு இரண்டாம் பத்தியில் மிகச் சில கோடுகளே விழுந்தன. அட்வென்சர் ஐலண்டுக்கு அந்தப் பத்தி நிரம்பி அடுத்த பக்கத்துக்கும் போனது.

பேட்டில் சிட்டி முதலிடமா? அது மரியோவைவிடச் சிறந்ததா?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். பெரும்பாலும் கோபத்தோடு வரும். நாம்கோ நிறுவனம் 1985 செப்டம்பரில், அதாவது மரியோ வெளிவந்த அதே மாதத்தில், பேட்டில் சிட்டியை வெளியிட்டது; 1980இல் அது வெளியிட்டிருந்த டேங்க் பட்டாலியன் என்ற, காசு போட்டு ஆடும் ஆர்கேட் விளையாட்டின் வாரிசு இது. அமெரிக்காவில் இது அந்தக் காலத்தில் அதிகாரபூர்வமாக வெளியாகவே இல்லை. அதனால்தான் ஆங்கிலத்தில் எழுதப்படும் பெரும்பாலான ‘சிறந்த நூறு’ பட்டியல்களில் இதைப் பார்க்க முடிவதில்லை.

பதின்மூன்றுக்குப் பதின்மூன்று கட்டங்கள் கொண்ட களம். அடியில் நடுவே செங்கல் சுவருக்குள் ஒரு கழுகுச் சின்னம். மேலே மூன்று முனைகளிலிருந்து இறங்கும் இருபது எதிரி டாங்கிகள். கழுகு அடிபட்டால், உங்களுக்கு எத்தனை உயிர் மீதமிருந்தாலும் ஆட்டம் முடிந்தது. இதுவரை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு சின்ன விதியைக் கவனியுங்கள்: தொடக்கத்தில் உங்கள் டாங்கியின் ஒரே ஒரு குண்டுதான் ஒரு நேரத்தில் திரையில் இருக்க முடியும். அது எதன்மீதாவது மோதி மறைந்த பிறகே அடுத்ததைச் சுட முடியும். ஆகவே எதிரியின் அருகே நின்று சுட்டால் படபடவென்று சுடலாம். தொலைவிலிருந்து குறி தவறினால், அந்தக் குண்டு களத்தின் மறுகோடியைத் தொடும்வரை நீங்கள் வெறுங்கையோடு நிற்க வேண்டும். அருகே போவது ஆபத்து, தொலைவில் நிற்பது அதைவிட ஆபத்து என்ற இந்த இழுபறியை, எந்த விளக்கமும் தராமல், ஒரே ஒரு கட்டுப்பாட்டினால் உருவாக்கியிருக்கிறார்கள். நட்சத்திரம் ஒன்றை எடுத்தால் குண்டின் வேகம் கூடும். இரண்டாவது எடுத்தால் இரண்டு குண்டுகள் ஒரே சமயத்தில் போகும். மூன்றாவது எடுத்தால் இரும்புச் சுவரும் உடையும். பலம் கூடக் கூட அவசரப்பட்டுச் சொந்தச் சுவரையே இடிக்கும் வாய்ப்பும் கூடுகிறது. கழுகைச் சுற்றியுள்ள சுவர் அரைக்கட்டத் தடிமன்தான், இரண்டே குண்டுகளில் துளைபடும், அந்தக் குண்டு யாருடையது என்று கழுகு பார்ப்பதில்லை.

இருவர் ஆடும்போதுதான் இதன் முழு அருமை தெரியும். கூட்டாளியின் குண்டு பட்டால் உங்கள் டாங்கி சாகாது. சிறிது நேரம் அசைய முடியாமல் மினுக்கிக்கொண்டு நிற்கும். என் அண்ணன் கோபம் வந்தால் என்னைச் சுட்டு நிறுத்திவிட்டு, மேலே மின்னிக்கொண்டிருக்கும் நட்சத்திரத்தைத் தான் போய் எடுத்துக்கொள்வான். நான் திரும்பச் சுடுவேன். அந்த இடைவெளியில் வேகமான டாங்கி ஒன்று ஓரமாக இறங்கிவந்து கழுகை அடித்துவிடும். அப்போது தோல்விக்குக் காரணம் யார் என்பதில் இருவருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. ஆளுக்கு ஒரு பெயர் சொல்வோம், அவ்வளவுதான். இதெல்லாம் போதாதென்று, களத்தை நாமே வரைந்துகொள்ளும் ‘கன்ஸ்ட்ரக்‌ஷன்’ வசதியும் உண்டு. கழுகைச் சுற்றி இரும்புச் சுவர் கட்டி, அதைச் சுற்றி நீர் விட்டு, ஒருநாள் முழுவதும் தோற்காமலே ஆடி, அன்றோடு அந்த வசதியின் மீது எனக்கிருந்த மோகமும் முடிந்தது.

முப்பத்தைந்து களங்கள் முடிந்தபின் அவையே திரும்பி வருகின்றன என்பதுதான் நான் காணும் ஒரே குறை.

அப்படியானால் முதல் மரியோ மூன்றாம் இடத்துக்கு இறங்கியது ஏன்?

சூப்பர் மரியோ பிரதர்ஸின் முதல் அரை நிமிடத்துக்கு மட்டும் தனியாகப் பட்டியல் போட்டால் அதுதான் முதலிடம். மியாமோட்டோ ஷிகெருவும் டெசுகா தகாஷியும் வடிவமைத்த முதல் களத்தில் இடப்பக்கம் நிற்கும் மரியோவுக்கு வலப்பக்கம்தான் வெட்டவெளி. ஆகவே வலப்பக்கம் நடக்கிறோம். எதிரே பழுப்புநிற எதிரி ஒன்று நடந்து வருகிறது; குதிக்கக் கற்கிறோம். கேள்விக்குறிப் பெட்டியை முட்டினால் வெளிவரும் காளான் வலப்பக்கம் உருண்டு, குழாயில் மோதி, திரும்ப நம்மை நோக்கியே வருகிறது. அதை எதிரி என்று பயந்து விலக நினைத்தாலும் பெரும்பாலும் நம்மீது பட்டுவிடும். பட்டதும் மரியோ வளர்கிறார். ஒரு சொல்லும் எழுதாமல் நான்கு விதிகளைச் சொல்லிக்கொடுத்த இடம் அது. இந்த விளையாட்டு முழுவதும் 40 கிலோபைட்டில் அடங்கியது. மேகமும் புதரும் ஒரே வடிவம், நிறம் மட்டும்தான் வேறு என்பதை ஒருமுறை கவனித்துவிட்டால் பிறகு கண் அதையே தேடும்.

ஆனால் ஏழாம் உலகத்தின் நான்காம் களத்தையும் எட்டாம் உலகத்தின் நான்காம் களத்தையும் என் அளவுகோல் மன்னிக்கவில்லை. சரியான வழியில் போகாவிட்டால் அதே இடம் மீண்டும் மீண்டும் வந்துகொண்டே இருக்கும். எது சரியான வழி என்பதற்கு எந்தக் குறிப்பும் கிடையாது. கடிகாரம் மட்டும் ஓடும். இந்த இரண்டு இடங்களிலும் நோட்டில் விழுந்த கோடுகள் எல்லாம் ‘அது’ என்ற பத்தியில்தான்.

மரியோ 3 உங்கள் சிறுவயதில் கிடைத்ததா?

கிடைக்கவில்லை. 1988 அக்டோபரில் ஜப்பானில் வெளிவந்த இந்த விளையாட்டை நான் முதன்முறையாக ஆடியபோது எனக்கு வேலை கிடைத்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. எந்த ஞாபகமும் இதற்காகப் பரிந்து பேசவில்லை; அப்படியும் இரண்டாம் இடத்துக்கு வந்திருக்கிறது. திரைச்சீலை விலகத் தொடங்கும் ஆட்டம் இது. பின்னணியில் உள்ள பெட்டிகள் திருகாணியால் அடிக்கப்பட்டவை போல நிற்கின்றன, அவற்றின் நிழல் பின்திரையில் விழுகிறது. முழுவதையும் ஒரு நாடக மேடையாகவே வரைந்திருக்கிறார்கள். ஒரு களத்தில் மாட்டிக்கொண்டால் வரைபடத்தில் வேறு வழியாகச் சுற்றிப்போகவும், வைத்திருக்கும் இறகையோ இலையையோ அங்கே செலவழிக்கவும் விட்டிருக்கிறார்கள். செலவழிக்காமல் கஞ்சத்தனம் பண்ணித் தோற்றால் அது என் தவறு. எட்டு உலகங்கள் இருந்தும் ஆட்டத்தைச் சேமிக்க வழியில்லை என்பது மட்டுமே இதை முதலிடத்துக்கு வரவிடாமல் தடுத்தது. நடுவே மின்சாரம் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

கான்ட்ராவை முப்பது உயிர்கள் இல்லாமல் ஆடினீர்களா?

மூன்று உயிர்களோடுதான் ஆடினேன். 1987இல் ஆர்கேட் கருவியாக வந்து 1988இல் இந்தக் கன்சோலுக்கு வந்த கோனாமியின் கான்ட்ராவில், ஒரு குண்டு பட்டாலே உயிர் போகும். மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ என்று அழுத்தினால் முப்பது உயிர்கள் கிடைக்கும் என்பது உலகறிந்த ரகசியம். அந்த வரிசை கான்ட்ராவில் பிறந்ததல்ல. 1986இல் கிரேடியஸ் என்ற விளையாட்டை ஃபாமிகாமுக்கு மாற்றிக்கொண்டிருந்த ஹஷிமோட்டோ கசுஹிசா, சோதித்துப் பார்க்கும்போது ஆட்டம் தனக்கே கடினமாக இருந்ததால் ஏற்படுத்திக்கொண்ட குறுக்குவழி அது. நகல் கருவிகளின் ஜாய்ஸ்டிக்கில் நான்கு பொத்தான்கள் இருக்கும். மேலே உள்ள இரண்டும் டர்போ, அதாவது ஒருமுறை அழுத்தினால் பலமுறை அழுத்தியதாகக் கணக்கு. ரகசிய வரிசையின் கடைசி பி, ஏ இரண்டையும் டர்போவில் அழுத்திவிட்டு, ‘இந்தக் கேசட்டில் வேலை செய்யாது’ என்று ஒரு கோடை விடுமுறை முழுவதும் நம்பியிருந்தோம்.

முப்பது உயிரோடு ஆடினால் கான்ட்ரா வெறும் ஓட்டப்பந்தயம். மூன்று உயிரோடு ஆடும்போதுதான் எதிரிகள் வரும் இடம் மாறுவதில்லை என்பதும், படுத்துச் சுடுவதற்கும் தாவிச் சுடுவதற்கும் உள்ள வேறுபாடும், குண்டுகளை விசிறிபோலச் சிதறவிடும் ஸ்ப்ரெட் கன்னை இழப்பது உயிரை இழப்பதைவிடக் கொடியது என்பதும் தெரியவரும். இரண்டு காரணங்களுக்காக நான்காம் இடம். மூன்றாம் களமான அருவியில் மேலே ஏறும்போது ஒருவர் வேகமாகப் போனால் திரை அவரோடு உயர்ந்து, கீழே இருப்பவர் செத்துப்போவார். பின்தங்கியவர் செய்த குற்றம் என்ன என்று கேட்கத் தோன்றும். இரண்டாவது காரணம் கருவியைச் சார்ந்தது. ஃபாமிகாமின் படச் சில்லால் ஒரு கிடைக்கோட்டில் எட்டு ஸ்பிரைட்டுகளுக்கு, அதாவது நகரும் சிறு உருவத்துண்டுகளுக்கு, மேல் காட்ட முடியாது; கூடினால் அவை மாறிமாறி மறைந்து மினுக்கும். அப்படி மறைந்திருந்த நொடியில் வந்த குண்டுக்கு யார் பொறுப்பு என்பதை என்னால் முடிவு செய்ய முடியவில்லை. கோடுகளைப் பாதிப் பாதியாகப் பிரித்துப் போட்டேன்.

டெட்ரிஸில் எந்தப் பதிப்பு?

மேலிருந்து விழும் துண்டுகளைத் திருப்பி அடுக்கி வரிசைகளை நிரப்பும் விளையாட்டாக அலெக்ஸி பஜித்னோவ் 1984இல் மாஸ்கோவில் உருவாக்கிய டெட்ரிஸுக்கு இந்த ஒரு கன்சோலிலேயே பல பதிப்புகள் உண்டு. எங்கள் கேசட்டில் இருந்தது 1988இல் ஜப்பானில் வெளிவந்தது. அதில் கீழ்நோக்கும் பொத்தானை அழுத்தினால் துண்டு திரும்பும், ஏ பொத்தானை அழுத்தினால் விழுந்துவிடும். வேறு பதிப்பில் பழகியவர் அதை ஐந்து நிமிடம்கூடச் சகிக்கமாட்டார். நான் வரிசையில் வைத்திருப்பது 1989இல் நின்டெண்டோவே வெளியிட்ட பதிப்பை.

இதில் 29ஆம் நிலையை அடைந்ததும் துண்டு ஒரு சட்டகத்துக்கு, அதாவது திரை ஒருமுறை புதுப்பிக்கப்படும் நேரத்துக்கு, ஒரு வரிசை வீதம் இறங்கும். உயரம் இருபது வரிசை. விநாடிக்கு அறுபது சட்டகம். ஆக, மேலிருந்து கீழே வர விநாடியில் மூன்றில் ஒரு பங்கு நேரமே ஆகும். அதற்கு மேல் மனிதரால் ஆட முடியாது என்றே பல ஆண்டுகள் கருதப்பட்டது. 2023 டிசம்பர் 21 அன்று, பதின்மூன்று வயதான வில்லிஸ் கிப்சன் என்ற அமெரிக்கச் சிறுவன் 157ஆம் நிலைவரை போய், நிரலே உறைந்து நிற்கும்படி செய்தான். பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்தாமல், ஜாய்ஸ்டிக்கின் முதுகை மற்ற விரல்களால் வரிசையாகத் தட்டும் உத்தி அவனைப் போன்றவர்களுக்கு வழிதிறந்தது. மிருதங்கத்தில் விரல் பழகிய நண்பர் ஒருவருக்கு அதைக் காட்டினேன். ‘இதற்கு இவ்வளவு ஆரவாரமா?’ என்றார், செய்து பார்த்தபின் பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

ஐந்தாம் இடத்துக்கு மேல் போகாததற்குக் காரணம், நான்கு வரிசைகளை ஒரேயடியாக நீக்க உதவும் நீளத்துண்டு. அடுத்து எந்தத் துண்டு வரும் என்பதை இந்தப் பதிப்பு ஏறக்குறையக் குருட்டாம்போக்கில் முடிவு செய்கிறது. பிற்காலப் பதிப்புகளில் இருப்பதுபோல ஏழு துண்டுகளும் ஒரு சுற்றுக்குள் வந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இதில் இல்லை. நீளத்துண்டு வராமலே போகும் வறட்சிக் காலத்துக்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்?

ஆறு முதல் பத்து வரை சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

காப்காமின் மெகா மேன் 2, 1988 டிசம்பரில் வந்தது. எட்டு எதிரிகளில் யாரை முதலில் எதிர்ப்பது என்பதை நாமே தீர்மானிக்கலாம். ஒருவரை வென்றால் அவருடைய ஆயுதம் நமக்கு, அது இன்னொருவரின் பலவீனம். இசைக்காக மட்டும் பார்த்தால் இது முதலிடம். ஆனால் கடைசிக் கோட்டையில் சுவரில் பதிந்த பீரங்கிகளை அழிக்க ஒரே ஒரு ஆயுதம்தான் பயன்படும். அதன் குண்டுகளை வழியில் வீணாக்கியிருந்தால், வீணாக்கினோம் என்பதே அங்கே போய்ச் சேர்ந்தபின்தான் தெரியும்.

பாம்பர்மேனில் தான் வைத்த குண்டிலேயே தான் சாகலாம் என்பதால் ‘நான்’ பத்தி நிறைந்து வழிந்தது. ஐம்பது களங்களும் ஒன்றுபோலவே இருப்பதால் ஏழாம் இடம். பலூன் கட்டிக்கொண்டு நீரின் மேலே பறக்கும் பலூன் ஃபைட்டின் கன்சோல் பதிப்புக்கு நிரல் எழுதியவர், பின்னாளில் நின்டெண்டோவின் தலைவரான இவாட்டா சடோரு. பாத்திரத்தின் இடத்தைப் பிக்சலுக்கும், அதாவது திரையின் ஒரு புள்ளிக்கும், கீழே பின்னமாகக் கணக்கிட்டதால் காற்றில் மிதக்கும் உணர்வு கைக்குத் தெரிகிறது. மரியோ நீருக்குள் நீந்தும் களங்களுக்கும் அதே வழி பிறகு உதவியது. ரோடு ஃபைட்டரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, மோதிச் சறுக்கும் காரை எதிர்த்திசையில் திருப்பி மீட்கும் அந்த அரை விநாடிக்காகவே ஒன்பதாம் இடம்.

ஹட்சன் 1986இல் வெளியிட்ட அட்வென்சர் ஐலண்ட் பத்தாவது. ஓலைப்பாவாடை கட்டிய தடித்த மனிதர் ஒருவர் பழங்களைத் தின்றுகொண்டே ஓடுவார். தின்னாவிட்டால் பசியால் விழுவார். ஒருமுறை செத்தால் கோடாரியும் போய்விடும். கோடாரி இல்லாமல் பிற்பகுதிக் களங்களைக் கடப்பது ஏறக்குறைய முடியாத காரியம். என் அளவுகோலின்படி இது பட்டியலிலேயே இருக்கக் கூடாது. பாசத்தினால் விட்டுவைத்திருக்கிறேன், விதியை மீறிய ஒரே இடம் இது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

டக் ஹன்ட்டை ஏன் சேர்க்கவில்லை?

துப்பாக்கியைத் திரைக்கு நேரே நீட்டி வாத்து சுடும் அந்த விளையாட்டை இன்றைய டிவியில் ஆட முடியாது என்பதால். துப்பாக்கியிலிருந்து எதுவும் புறப்படுவதில்லை. அதன் குழலில் இருப்பது ஒளியை உணரும் கண். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் முழுவதும் கறுத்து, அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைச் சதுரம் தோன்றும். முதலில் இருட்டு, பிறகு வெளிச்சம் என்று கண் உணர்ந்தால் குறி தப்பவில்லை என்று பொருள். துப்பாக்கியைக் குண்டு பல்பின் பக்கம் திருப்பிச் சுட்டுப் பார்த்த நம் தந்திரம் பலிக்காததற்கு அந்த இருட்டுக் கணம்தான் காரணம். பழைய குழாய் டிவி அந்தச் சதுரத்தைக் காலம் தவறாமல் காட்டும். இன்றைய தட்டை டிவி படத்தைப் பதப்படுத்திக் காட்டுவதற்குள் துப்பாக்கி காத்திருந்து கைவிட்டுவிடும். மீண்டும் ஆடிப்பார்க்க முடியாததை வரிசைப்படுத்துவதில்லை என்பது விதி.

செல்டா, மெட்ராய்ட் போன்றவை இல்லாதது குறையல்லவா?

குறைதான். அவற்றை நான் மிகத் தாமதமாகச் சந்தித்தேன். ஒரு வாரம் என்ற என் கால அளவுக்குள் அவை அடங்கவில்லை. இதன் பின்னால் நம் எல்லோருக்கும் பொதுவான ஒரு காரணமும் இருக்கிறது. நாம் வாங்கிய கேசட்டுகளில் பத்து, இருபது விளையாட்டுகளை ஒரே சில்லில் திணித்திருந்தார்கள். பேட்டில் சிட்டி, பலூன் ஃபைட், ரோடு ஃபைட்டர், பாம்பர்மேன் ஆகியவை தலா 24 கிலோபைட், மரியோ 40. கேசட்டுக்குள் கூடுதல் சில்லு எதுவும் தேவைப்படாத, 1984, 1985 ஆண்டுகளின் சிறிய விளையாட்டுகள் இவை. மெகா மேன் 2க்கு 256 கிலோபைட்டும் மரியோ 3க்கு 384 கிலோபைட்டும் வேண்டும். அமெரிக்கச் சிறுவனின் நினைவும் நம் நினைவும் வெவ்வேறாக இருப்பதற்கு ரசனை காரணமல்ல. மலிவான சில்லில் எது அடங்கியதோ அதுவே நமக்கு வந்துசேர்ந்தது.

‘99,99,999 இன் 1’ என்று அட்டையில் போட்டிருந்ததே, உள்ளே எத்தனை இருந்தன?

என் கேசட்டில் ஏழு. பட்டியலைக் கீழே கீழே ஓட்டினால் பெயர்கள் மாறிக்கொண்டே போகும். திறந்தால் அதே மரியோ மூன்றாம் உலகத்திலிருந்தோ, அதே டாங்கி பத்தாம் களத்திலிருந்தோ தொடங்கும். வரிசைப்படுத்தும்போது இது ஒரு சிக்கலையும் உண்டாக்கியது. தனி விளையாட்டு என்று நான் நினைவில் வைத்திருந்த ஒன்று, பலூன் ஃபைட்டின் மூன்றாவது ஆட்டமுறைதான் என்று தெரிய இருபது ஆண்டுகள் ஆயின.

இப்போது ஆடினால் எல்லாம் வேகமாக இருப்பதுபோலத் தோன்றுகிறதே?

தோற்றமல்ல, உண்மை. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் டிவி விநாடிக்கு அறுபது முறை படத்தைப் புதுப்பித்தது. இந்தியாவில் நாம் பின்பற்றிய ‘பால்’ (PAL) என்ற ஒளிபரப்பு முறையில் ஐம்பது தடவை. இந்த விளையாட்டுகள் நேரத்தைக் கடிகாரத்தால் அளப்பதில்லை, சட்டகங்களை எண்ணியே அளக்கின்றன. ஆகவே நம் வீட்டில் மரியோ ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடினார். நகல் கருவிகள் பலவற்றில் செயலியின் வேகம் 1.77 மெகாஹெர்ட்ஸ், ஜப்பானிய அசலில் 1.79; வேறுபாடு மிகச் சிறிது என்பதால் இசையின் சுருதி கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. சுருதி மாறாமல் காலப்பிரமாணம் மட்டும் தளர்ந்த கச்சேரியைக் கேட்டு வளர்ந்திருக்கிறோம். எமுலேட்டரில் அசல் வேகத்தில் முதன்முறை ஆடியபோது, முதல் களத்தின் முதல் பள்ளத்திலேயே விழுந்தேன். விரலுக்குப் பழைய கணக்கு மறக்கவில்லை. பட்டியலுக்காக எல்லாவற்றையும் அறுபதில்தான் ஆடினேன். கான்ட்ராவை மட்டும் ஐம்பதிலும் ஆடிப்பார்த்து, ஐம்பதில் அது நியாயமான விளையாட்டாகிவிடுகிறது என்று வெட்கத்தோடு குறித்துவைத்திருக்கிறேன்.

கேசட்டை ஊதினால் வேலை செய்தது ஏன்?

ஊதியதால் அல்ல, கழற்றி மீண்டும் செருகியதால். செருகும்போது உலோகப் பற்கள் வேறிடத்தில் பட்டுத் தொடர்பு கிடைத்தது. வாயின் ஈரம் பற்களில் களிம்பு ஏறவே உதவியது. பரணிலிருந்து எடுத்த எங்கள் கேசட்டின் பற்களில் அண்ணன் ஊதிய பக்கம் பச்சை பூத்திருந்தது. பள்ளிக்கூட அழிப்பானால் தேய்த்துத் துடைத்தபின் இரண்டு விளையாட்டுகள் உயிர்பெற்றன.

இன்று முறையாக வாங்கி ஆட வழி உண்டா?

சிலவற்றுக்கு உண்டு. முதல் மரியோ, மரியோ 3, பலூன் ஃபைட் மூன்றும் நின்டெண்டோவின் ஸ்விட்ச் கருவிக்கான சந்தாவில் கிடைக்கின்றன. பேட்டில் சிட்டி, 2020இல் வெளிவந்த நாம்கோ மியூசியம் ஆர்கைவ்ஸ் இரண்டாம் தொகுப்பில் இருக்கிறது. கான்ட்ராவுக்கு 2019இலும் மெகா மேனுக்கு 2015இலும் வந்த தொகுப்புகள் உள்ளன. தட்டை டிவியில் ‘கேம் மோட்’ என்ற அமைப்பை இயக்கிவிட்டு ஆடுங்கள். பொத்தானுக்கும் படத்துக்கும் இடையே உள்ள தாமதம் குறையும். அதைச் செய்யாமல் குதித்துப் பார்த்துவிட்டு, தனக்கு வயதாகிவிட்டதாக என்னிடம் வருத்தப்பட்டவர்கள் மூவர்.

வரிசை மாறுமா?

இதுவரை இரண்டுமுறை மாறியிருக்கிறது. முதலில் மெகா மேன் 2 நான்காவதாக இருந்தது. சுவர்ப் பீரங்கி அறையில் மூன்றுநாள் நின்றபின் இறக்கினேன். பலூன் ஃபைட் பத்தாவதாக இருந்தது. சென்ற பொங்கலுக்கு வந்த அக்கா மகன், ஒன்பது வயது, நான்கு மணிநேரம் அதை மட்டுமே ஆடினான். கீழே நீரிலிருந்து மீன் கவ்வும் ஒவ்வொரு முறையும் ‘தாழப் பறந்தது என் தப்பு மாமா’ என்றான். இரண்டு இடம் ஏற்றினேன். அவனுக்குப் பேட்டில் சிட்டியை இன்னும் காட்டவில்லை. அவனுடைய தங்கையும் ஜாய்ஸ்டிக் பிடிக்கும் அளவுக்கு வளரட்டும் என்று வைத்திருக்கிறேன்.